நீரிறைக்கும் இயந்திரத்தின் உள்ளே

கிணற்றடியில் ஓடும் சிறு இயந்திரத்தில் நிகழும் வெடிப்பு முசலத்தைக் கீழே தள்ளுவதொன்றையே செய்யும். கராச்சுகளில் பிஸ்ரன் எனப்படும் இம்முசலத்துக்கு உருளையினுள் ஏறவும் இறங்கவுமே இயலும். பம்பியின் விசிறிச் சில்லோ சுழன்றாலன்றி நீரை எறியாது. ஏறியிறங்கும் அசைவு சுழற்சியாவது எங்ஙனம்?

இதனை அறியக் கமக்காரர் வீட்டு மிதி தையல் இயந்திரத்தைப் பார்த்தாற் போதும். மிதிபலகை ஆடுகின்றது; அதனோடு பூட்டிய தண்டு, சில்லின் நடுவிலன்றி ஒருபுறம் விலகிய முளையைப் பற்றியிருப்பதாற் சில்லு சுழல்கின்றது. நமது இயந்திரத்தில் மிதிபலகையின் இடத்தில் முசலமும், பின்னர் இணைதண்டும், விலகிய முளையின் இடத்தில் முழங்கைபோல் மடங்கிய கிராங் தண்டும் உள்ளன. அம்மடிப்பு நடுவிலிருந்து 3 சென்ரிமீற்றர் விலகியிருப்பின் முசலம் 6 சென்ரிமீற்றர் ஓடும்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. முசலம் உச்சியிலோ அடியிலோ நிற்கும் கணத்தில் இம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும். அப்பொழுது எவ்வளவு தள்ளினும் தண்டு திரும்பாது. தைப்பவர் சில்லைக் கையால் ஒருமுறை தட்டிவிடுவது இதனாலேயே. இயந்திரத்தில் அவ்வேலை பாரமான பறப்புச்சில்லுக்குரியது. நாலடிப்பு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பே நிகழ்வதால், எஞ்சிய நேரமெல்லாம் அச்சில்லின் வேகமே முசலத்தை இழுத்துச் செல்கின்றது. இவ்வளவு எளிய கிராங்குக்கும் உரிமைப் போட்டி இருந்ததென்பது வியப்பே. இங்கிலாந்தில் 1780இல் பிக்காட் என்பவர் இதனை நீராவி இயந்திரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றமையால், ஜேம்ஸ் வாற் 1781இல் பற்சில்லுகளாலான வேறொரு முறையைப் பதிவு செய்ய நேர்ந்தது.

கமக்காரர் பெரிதும் கவனிக்க வேண்டியது இணைதண்டின் கீழ்முனையை. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இயந்திரத்தில் முசலம் செக்கனுக்கு 50 முறை ஏறியிறங்கும். அத்தனை இழுப்பும் நெரிப்பும் அம்முனைமீதே விழும். சிறிய ஒற்றை உருளை இயந்திரங்கள் பலவற்றில் எண்ணெய்ப் பம்பி கிடையாது. கீழ்முனையிலுள்ள சிறு அகப்பையே எண்ணெயை வாரித் தெளிக்கின்றது. ஆகவே இயந்திரத்தை வரம்பிற் சாய்வாக வைத்தால், எண்ணெய் போதிய அளவு இருந்தும் அகப்பைக்கு எட்டாமற் போகலாம். வெங்காயம் நீரின்றி வாடும் நாளில் தண்டு இறுகி முறிய இதுவே போதும்.

இயந்திரத்தை மட்டமான கல்லின்மீதோ பலகைமீதோ வைத்து, ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. சுற்றுக்குச் சுற்று புதிதாய்த் தட்டொலி கேட்பின், தோட்டம் பாதியே நனைந்திருப்பினும் உடனே நிறுத்துக. தேய்ந்த தண்டை மாற்றுவது சிறு செலவு. முறிந்த தண்டு உறையைத் துளைத்துவிடின் இயந்திரமே புதிதாக வாங்க நேரிடும்.