சோற்றில் என்ன போட்டார்கள்?

உங்கள் பிள்ளைகளும் படிப்புக்கோ தொழிலுக்கோ கொழும்புப் பக்கம் போயிருப்பார்கள். லீவுக்கு நீங்கள் அங்கே போனால், "உம்மா, இன்றைக்கு வெளியில சாப்பிடுவோம்" என்று உங்களையும் கூட்டிப் போவார்கள். கந்தப்பளையிலிருந்து போன எங்களுக்கும் அதுதான் நடந்தது. மகள் கூட்டிப்போனது புறநகர் ஒன்றிலுள்ள சின்ன ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு. நான்கைந்து மேசைகள், மங்கிய பெயர்ப்பலகை. அவள் ஆசையோடு கேட்டது 'சுஷி'.

சோற்று உருண்டையின் மேல் கெலவல்லா மீன் பச்சையாக வந்தது. சில துண்டுகளைக் கடற்பாசித் தாளில் சுற்றியிருந்தார்கள். என் நினைவு உடனே கிதாபுகளுக்குப் போனது. கடலில் பிடிப்பது ஹலால் என்பதற்கு சூரா மாயிதாவின் 96ஆம் வசனம் இருக்கிறது. மீனை அறுக்க வேண்டியதில்லை. பச்சையாக உண்பதும் அதை ஹராமாக்கிவிடாது. மனம் ஆறி, பிஸ்மி சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டும் விட்டேன்.

பிள்ளைகளின் உம்மா முதல் துண்டோடு நிறுத்திக்கொண்டார். "சோறு இனிக்கிதே, புளிக்கவும் செய்யிது. இதுல என்ன போட்டிருக்காங்க?" என்றார். மீனைப் பற்றி இவ்வளவு யோசித்த எனக்கு அது தோன்றவில்லை. அடுப்படி தெரிந்தவருக்குத்தான் தோன்றியது.

சமையற்காரர் முகம் கோணாமல் இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று அரிசி வினாகிரி. வினாகிரியை நபி (ஸல்) அவர்கள் நல்ல தொடுகறி என்று புகழ்ந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. மற்றது 'மிரின்'. பசையரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பு மது அது. அசல் மிரினில் நூற்றுக்கு 14 பங்கு அளவில் மதுசாரம் இருக்கும். சுஷிச் சோற்றுக்கு வினாகிரி, சீனி, உப்பு மூன்றும் போதும். ஆனால் இனிப்புக்காகவும் மினுக்கத்துக்காகவும் சில இடங்களில் மிரினையும் சேர்ப்பார்கள். நாங்கள் போனதும் அப்படியொரு இடம்தான்.

கையை எடுத்துக்கொண்டோம். அறியாமல் உண்டதற்குக் குற்றமில்லை. அறிந்த பிறகு தொடர முடியாது. மகளுக்கு அழுகை வராத குறை. சுட்ட மீன் கேட்டால், அதற்குப் பூசும் 'தெரியாக்கி' குழம்பிலும் மிரின்! கடைசியில் உப்பு மட்டும் தடவிச் சுட்டு, வெள்ளைச் சோற்றோடு தந்தார்கள். நன்றாகவே இருந்தது.

இப்படிக் கேட்க நம்மில் பலர் கூசுகிறோம். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த கூச்சல் அந்தக் கூச்சத்தைக் கூட்டிவிட்டது. அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா செய்துவந்த சான்றிதழ் பணி 2014 முதல் தனி நிறுவனம் ஒன்றிடம் போனதும் அதன் பிறகுதான். ஆனால் அந்தச் சமையற்காரர் மனம் நோகவில்லை. என் மனைவி கேட்டது ஒரு சமையற்காரி இன்னொருவரிடம் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான்.

இன்னொன்று. கர்ப்பிணிச் சகோதரிகள் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும் என்பது டொக்டர்மாரின் ஆலோசனை. மீனிலுள்ள புழுக்கள் சாவதற்குப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை குளிரில் 7 நாட்கள் உறைய வைக்க வேண்டும். லொறியில் மலையேறி வரும் மீனை வாங்கி வீட்டில் பரீட்சை பார்க்க வேண்டாம்.

போன வாரம் மகள் தொலைபேசியில் பேசினாள். முதல் நாளே சொல்லிவைத்தால் அந்தக் கடையில் மிரின் சேர்க்காமல் சோறு தயாரித்துத் தருகிறார்களாம். உம்மாவை எப்போது கூட்டி வருகிறீர்கள் என்று கேட்கிறாள்.