‘டைரக்ட்’ கொடுத்த கீசர்

மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தபாடி வழியாகப் போகும் சாலை பாலாற்றில் கர்நாடகத்துக்குள் நுழைகிறது. வேலூர்ப் பாலாறு வேறு. இது மலைக்காட்டிலிருந்து இறங்கிக் காவிரியில் கலக்கும் சிற்றாறு. பழைய மைசூரு மாவட்டத்தில் இருந்த இந்தக் கர்நாடகப் பகுதி 1997-க்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி என்றால் சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்து வண்டிகள் இந்த வழியாகத்தான் மாதேஸ்வரன் மலைக்கு ஏறும். சமைத்துச் சாப்பிடச் சிலிண்டரும் கூடவே வரும். டெம்போ டிராவலரை வீடு மாதிரி மாற்றிக்கொண்டவர்களின் வண்டியில் இப்போது கேஸ் கீசரும் இருக்கிறது. மலையில் விடிகாலைத் தண்ணீர் கையை வெட்டும். சுடுதண்ணீர் கேட்பது தப்பில்லை. அந்தக் கீசர் மக்கர் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

வண்டியில் கீசர் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சின்னது. ‘டிக் டிக்’ சத்தம் வருகிறது, தீ வரவில்லை என்றால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள்: வால்வு திறந்திருக்கிறதா, கேஸ் தீர்ந்துவிட்டதா. புதுச் சிலிண்டர் மாட்டியவுடன் குழாயில் நிற்கும் காற்று வெளியேறச் சற்று நேரம் பிடிக்கும். வீட்டுக் கீசர் என்றால் உள்ளே இருக்கும் இரண்டு டார்ச் பேட்டரிகள் வலுவிழந்திருக்கலாம். வண்டிக்கென்றே செய்த ஹீட்டர் என்றால் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம். சத்தமே வரவில்லையா? பேட்டரி முழுக்கச் செத்திருக்கவில்லை என்றால் கோளாறு கேஸில் இல்லை, பெரும்பாலும் தண்ணீரில். போதுமான வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் உள்ளிருக்கும் சவ்வு நகர்ந்து சுவிட்சைத் தட்டும். வண்டித் தொட்டியின் பம்ப் சோர்ந்தாலும், வடிகட்டியில் மண் அடைத்தாலும், ஷவரில் உப்பு படிந்தாலும் கீசர் வாயே திறக்காது. நம் பக்கத்துப் போர்த்தண்ணீரை ஊற்றி ஓட்டுகிற வண்டிகளில் இந்த உப்புதான் முதல் சந்தேகக் குற்றவாளி.

ஒரு எச்சரிக்கை. பற்றவில்லை என்று திரும்பத் திரும்பத் திருகாதீர்கள். எரியாத கேஸ் உள்ளே தேங்கி, பிறகு ஒரே பொறியில் மொத்தமாகப் பிடிக்கும். வண்டி ஹீட்டர்கள் சில முறை முயன்றுவிட்டுத் தாமே பூட்டிக்கொள்வது இதனால்தான். அணைத்து, கதவைத் திறந்துவைத்து, சில நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் வண்டித் தரையில்தான் படுக்கும். காற்றில் சுமார் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். வாடை தெரிவதற்காகச் சேர்க்கும் மெர்காப்டன் மூக்கில் ஏறினால் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். 1906 என்ற எண்ணில் கேஸ் கசிவு அவசர உதவி கிடைக்கும். மூட்டுகளில் கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும். தீக்குச்சி வேண்டாம்.

பற்றுகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது என்பது வேறு ரகம். தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சென்சாரில் கரி படிந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம். புகைக்குழாய் அடைத்திருக்கலாம். எல்.பி.ஜி.யின் வாடைக்குச் சிலந்திகள் வருவது வண்டி ஹீட்டர் பழுதுபார்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. சில மாதம் நின்ற வண்டியில் பர்னர் குழாய்க்குள் கூடு கட்டியிருக்கும், காற்று சரியாகக் கலக்காது, தீ மஞ்சளாகும். நல்ல கீசர்களில் அறையின் ஆக்சிஜன் குறைந்தாலும் தானே அணையும். பலவற்றில் இருபது நிமிடத்துக்கு மேல் எரிய விடாத டைமர் உண்டு. சுடுதண்ணீர் சேமிக்கும் வகை ஹீட்டரில் அழுத்த வால்விலிருந்து நீர் சொட்டும். அதை அடைத்துவிடவே கூடாது.

இந்த இடத்தில்தான் மெக்கானிக் வருகிறார். “சென்சார்தான் சார் பிரச்சினை, டைரக்ட் கொடுத்துட்டேன். இனிமே அணையாது.” சென்சாரைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார் என்று பொருள். உண்மைதான், அணையாது. அணைய வேண்டிய நேரத்திலும் அணையாது. ஒரு பாகத்தின் விலையையும் மாற்றும் அலைச்சலையும் மிச்சம் பிடித்து, வண்டியில் தூங்குகிற எல்லோரின் காவலையும் கழற்றிவிட்ட வேலை அது. எனக்கு அந்த மெக்கானிக் மேல் கோபம் குறைவு. தண்ணீர் சுட்டால் போதும் என்று நிற்கும் நாம்தான் அதைக் கேட்டு வாங்குகிறோம்.

காற்று போதாமல் எரியும் கேஸ், கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. மெர்காப்டன் எரிந்துபோய்விடுவதால் கேஸ் வாடையும் வராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, கிறக்கம், குமட்டல்; அப்புறம் கால் தளர்ந்து தாழ்ப்பாளைத் திறக்கவும் கை எழாது. மலைப்பாதையில் இது இன்னும் ஏமாற்றும். கொண்டை ஊசி வளைவில் ஏறி வந்ததால் தலை சுற்றுகிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஒரே வண்டியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் வளைவைக் குறை சொல்லாமல் வெளியே வாருங்கள். குளியலறைக் கீசரால் வலிப்பு வந்தவர்களுக்குக் காக்காய் வலிப்பு என்று மாத்திரை கொடுக்கப்பட்டதை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் குளியலறைக் கேஸ் கீசரின் வாயு இரு சகோதரிகளின் உயிரை எடுத்தது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். அங்கே கீசர் இல்லை; ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் ஏறியிருந்தது. எரிவது எதுவானாலும் மூடிய பெட்டிக்குள் முடிவு ஒன்றுதான். மதுரை கதை வேறு வகை: 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை, லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டியில், மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரில் டீ போடப்போய் ஒன்பது பேர் இறந்தார்கள். அதை நாடே பார்த்தது, தீ தெரிந்ததால். புகையால் இறப்பவர்கள் உள்ளூர்ச் செய்தியோடு முடிகிறார்கள்.

இந்த வேறுபாடு இழப்பீட்டிலும் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் தனியாகப் பிரீமியம் வாங்காமல் காப்பீடு எடுத்துவைத்திருக்கின்றன: இறப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவத்துக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, அதில் ஆளுக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விநியோகஸ்தருக்கு உடனே எழுதிக்கொடுத்தால் மேல்வேலையை நிறுவனம் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் காப்பீடு, தீ விபத்துக்கு எல்.பி.ஜி. முதற்காரணமாக இருக்கும் சம்பவங்களுக்கு. பொருள் சேதத் தொகையோ பதிவு செய்த முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டும். வண்டி எந்த கேஸ் புத்தகத்திலும் முகவரி அல்ல. கீசர் புகையால் வந்த மரணத்தில் தீயே இல்லை. அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்.

அந்தக் கதவு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பொருளால் விளைந்த தீங்குக்குத் தயாரித்தவர், விற்றவர், பழுதுபார்த்தவர் மூவரையும் கேள்வி கேட்க அதில் தனி அத்தியாயமே உண்டு. மெக்கானிக்கும் தப்ப முடியாது. ஆனால் பிரிவு 87-ஐப் படித்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்: தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. ஆக, அந்த ‘டைரக்ட்’ உயிருக்கு மட்டுமல்ல, வழக்குக்கும் ஆபத்து. வீட்டுக் குளியலறைக்கென்று செய்த கீசரை வண்டிக்குள் மாட்டுவதும் இதே வாதத்துக்கு இடம் கொடுக்கும். கீசரில் ஐ.எஸ். 15558 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பொருத்துபவரிடம் புகைக்குழாய் எங்கே போகிறது, என்ன பாகம் மாற்றினார் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதைச் சொல்கிறது; மீறினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரவிதி இருக்கிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் ஆர்.சி.யில் கேரவன் என்று பதிவாகியிருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டுச் சிலிண்டரை வேறு வேலைக்குத் தூக்கிப்போவது 2000-ஆம் ஆண்டு எல்.பி.ஜி. ஆணைப்படி தவறு; அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் பயணத்துக்குப் பொருத்தம். அதை நிமிர்த்தியே கட்டுங்கள். படுக்கப்போட்டால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் இறங்கும். வழியில் மலை மாதேஸ்வரா வனவிலங்கு சரணாலயம் வருகிறது; காட்டுக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவது வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். வனக்காவலர் கேட்டால் சண்டை போடாதீர்கள்.

யாராவது மயங்கினால்? தூக்கி வெளியே கொண்டுவாருங்கள், 108-ஐ அழையுங்கள். இரு மாநிலத்திலும் அதே எண். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தமாகவே படிக்கும். மருத்துவரிடம் “கேஸ் கீசர் எரிந்தது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்; முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். கார்பாக்சி ஹீமோகுளோபின் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் ஏற ஏற அந்தத் தடயம் கரைந்துபோகும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. உயிர் போயிருந்தால் பிரேதப் பரிசோதனையிலும் இதே சோதனையைக் கேட்கலாம். கீசரைக் கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள். படம் எடுத்துவைத்துப் போலீஸிடம் விடுங்கள்.

எந்தப் போலீஸ்? எல்லையில் இதுதான் தலைவலி. நடந்தது பாலாற்றுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி மேட்டூரில் என்றால் “எங்க லிமிட் இல்ல” என்று அலையவிடுவார்கள். விட வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 173-இன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் பதிந்துகொண்டு உரிய இடத்துக்கு மாற்றுவார்கள். லாட்ஜ் குளியலறையில் காற்றோட்டமில்லாமல் கீசர் மாட்டி வைத்தவர் மேல் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106 வரும். ஐந்து வருடம் வரை சிறை.

நுகர்வோர் வழக்குக்கு மைசூருக்கோ சாமராஜநகருக்கோ பஸ் ஏற வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம் என்கிறது பிரிவு 34. கீசர் மைசூரில் வாங்கியதாக இருந்தாலும் சேலத்துக்காரர் சேலத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கேட்கும் இழப்பீடு அதற்கு எவ்வளவு மேலே போனாலும் இந்தக் கணக்குக்கு விலைதான் அளவு. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்; சட்ட உதவிக்கு 15100, நுகர்வோர் உதவிக்கு 1915. பில் தொலைந்திருந்தால் பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு, மெக்கானிக்கோடு பேசிய வாட்ஸ்அப் தகவல், கீசரின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். கெடு இரண்டு வருடம். அது தாண்டிவிட்டால் தாமதத்துக்கு ஆணையம் ஏற்கும்படியான காரணம் காட்ட வேண்டும்.