அந்த லயம் எங்கே இருந்தது?

பேராக்கில் பழைய வீடு என்றாலே பத்துகாஜா பக்கத்துக் கெல்லி கோட்டையைத்தான் காட்டுவார்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் துரை 1915-இல் கட்டத் தொடங்கியது. 1926-இல் அவர் லிஸ்பனில் காலமாகவே, அரைகுறையாக நின்றுவிட்டது. இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். அங்கே கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் குடியிருந்த லயம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்! அருகிலுள்ள மாரியம்மன் கோவில்தான் சாட்சி. அதன் கூரையில் தெய்வங்களோடு துரைக்கும் ஒரு சிலை இருக்கிறது.

அமெரிக்காவில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை 1838-இல் பட்டாளம் வைத்துச் சொந்த மண்ணிலிருந்து விரட்டினார்கள். அவர்களில் பேர்பெற்ற வேன் குடும்பத்தார் 1804-இல் கட்டிய செங்கல் மாளிகை ஜோர்ஜியாவில் இன்றும் நிற்கிறது. மண்ணோடு மண்ணான மற்ற வீடுகளின் இடத்தையும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி? விரட்டுவதற்கு முன், நஷ்டஈட்டுக்கென்று அரசாங்க ஆட்கள் வீடு, வயல், பழமரம் வரை எண்ணி எழுதிய கணக்கு இருக்கிறது. அநியாயம் செய்தவர்கள் எழுதிய கணக்கே இன்று பேரப்பிள்ளைகளுக்கு வழி காட்டுகிறது, பாருங்கள்!

நம் லயத்து முருங்கையை யார் எண்ணி எழுதினார்கள்?

சிலிம் ரிவர் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. 7-1-1942 அன்று ஜப்பானிய டாங்கிகள் துரோலாக், குளூனி தோட்டம் வழியாகப் பாய்ந்து வந்த சண்டையைப் போர் வரலாறுகள் விவரமாகச் சொல்கின்றன. அதனால் சில தோட்டங்களின் பேரும் பாதையும் அச்சில் தங்கிவிட்டன. லயத்தின் பேர் தங்கவில்லை.

ஆனாலும் தடயம் இல்லாமல் போகாது. செம்பனைக் காட்டுக்குள் தனியாக ஒரு மாமரமோ வேப்பமரமோ நின்றால், அங்கே மனிதர் குடியிருந்திருக்கலாம். சிமெண்டுக் கால்வாய், தூர்ந்த கிணறு, சூலம் நட்ட மேடை கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் புரட்டுங்கள்; தோட்டத்தின் பேரோடு சில வேளை டிவிஷனும் கிடைக்கும். இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் சில இன்னும் பழைய தோட்டத்தின் பேரிலேயே நடக்கின்றன. அதுவும் ஓர் ஆவணம்தான்.

தாத்தா பாட்டி நடமாடும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். முதலில் பெரட்டுக்களத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து குழாயடி எந்தப் பக்கம், ஆயாக் கொட்டகை எத்தனை எட்டு, யார் வீடு எத்தனையாவது கதவு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அங்கேயே நின்று தாளில் கோடு போட்டுக் கொள்ளுங்கள். வடக்கு எது என்று மறக்காமல் குறியுங்கள்.