வேலிக்கும் வெளிக்கும் நடுவே

அச்சுவேலிச் சந்தி தாண்டிக் கிழக்கே போகும் வரை இரு பக்கமும் செம்மண்தான். வெங்காயப் பாத்தி, வாழை, கிணற்றடி, ஒவ்வொரு காணிக்கும் ஒரு வேலி. பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். வீடில்லை, வேலியில்லை. உவர் பூத்த தரை, முழங்காலளவு நீர், முகத்தில் அறையும் காற்று. இதுதான் வல்லை வெளி. இந்தப் பக்கம் வலிகாமம், அந்தப் பக்கம் வடமராட்சி.

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் போகிறவர்கள் இங்கே முனியப்பரைக் கண்டும் காணாமல் போவதில்லை. வாகனம் ஓரங்கட்டும். சாரதி இறங்கி உண்டியலில் காசு போட்டு, திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார். ஆளரவமற்ற வெளியைக் கடக்கிறவனுக்கு ஒரு காவல் வேண்டுமே.

ஆறில்லாத ஊரில் ஓர் ஆறு

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. ஆனாலும் அச்சுவேலிக்கு வடகிழக்கே தொண்டைமானாறு இருக்கிறது. உண்மையில் அது கடலோடு கலக்கும் நீரேரியின் வாய். குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்ல இதை வெட்டுவித்தான் என்பது செவிவழிக் கதை. உப்புக்காக வெட்டியதாகச் சொல்லப்படும் அதே வாயில், உப்பை வெளியே நிறுத்த உவர்நீர்த் தடுப்பணை கட்டினார்கள். நீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றைக் கொடுக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த திட்டத்திலும் இந்த அணைக்குப் பங்கு உண்டு. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கும் தோட்டக்காரனுக்கு, அந்த வாய் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது கிணற்று விசயம்.

கோடு போட்டவர்கள்

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற நான்கு பிரிவுகளையும் வைத்தே போர்த்துக்கேயர் வரி எடுத்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோதும் வல்லை வல்லையாகவே கிடந்தது. வேறிடங்களில் கோடு காகிதத்தில் விழுந்தது: மறுவருடம், 1659இல், பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் மலையில் எல்லை வகுத்தன. கட்டலான் மொழி பேசிய ருசியோன் பகுதி பிரான்சின் கைக்குப் போனது. பின்னர் பக்கத்துச் செர்தான்யாவில் 33 கிராமங்களைக் கொடுக்க ஸ்பெயின் இணங்கியது. லீவியா மட்டும், ‘நாங்கள் கிராமமில்லை, பட்டணம்’ என்ற வாதத்தால் தப்பியது. இன்றும் நாற்புறமும் பிரான்ஸ் சூழ, அது ஸ்பெயினின் ஊர்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கோடு போட்டது உள்நாட்டுப் போர்தான். பலாலியைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயம் அச்சுவேலியின் வடக்குக்கும் மேற்குக்கும் வேலி போட்டது. வல்லையிலிருந்து அச்சுவேலி வழியாகத் தெல்லிப்பழைக்குப் போகும் வீதி பாதியில் அறுந்தது. பக்கத்து வளலாயில் 2015இல் காணிகளை விட்டபோது, திரும்பியவர்களில் பலர் முதலில் தேடியது கிணற்றைத்தான்.

செம்மண்ணும் கடலும்

வல்லைக்கு இப்பால் மண்ணை நம்பியவர்கள், அப்பால் கடலையும் நம்பியவர்கள். அச்சுவேலிச் சந்தைக்கு இடைக்காட்டு வெங்காயம் தாளோடு பிடிபிடியாகக் கட்டி வரும். உதறினால் சிவந்த புழுதி பறக்கும். வெங்காயம் அங்கால் போகும், மீன் இங்கால் வரும். பருத்தித்துறைத் தட்டை வடை இரு பக்கமும் போகும். தொண்டைமானாற்றங்கரைச் சந்நிதி முருகனிடம், வாய் கட்டி மௌனமாகப் பூசை நடக்கும் அந்தச் சந்நிதானத்தில், வலிகாமத்தாரும் வடமராட்சியாரும் ஒரே பந்தியில் அன்னதானம் சாப்பிடுவார்கள்.

வேலிக்குள் இருந்தாலும் இரு பக்கத்தாருக்கும் தூரம் பெரிதாகத் தெரிந்ததில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைத் தொட்டது. அதே வருடம் லண்டனுக்குப் போய் இறங்கினார் அச்சுவேலியில் பிறந்த தம்பிமுத்து. மறுவருடம் ‘பொயட்ரி லண்டன்’ என்ற ஆங்கிலக் கவிதை இதழைத் தொடங்கினார்.

மாலை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண். மடியில் வெங்காயப் பை. வெளியின் காற்று யன்னலுக்குள் புகுந்ததும் தொலைபேசியை எடுத்தாள்.

“வல்லைக்கு வந்திட்டன் அம்மா. உலையை வையுங்கோ.”