கோணல் மோட்டார், நேரான பறப்பு

"மாமா, மோட்டாரைக் கோணலா மாட்டி வச்சிருக்கீங்க!"

யாழினி ஏழாம் வகுப்பு முடித்தவள். கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். மேஜைமேல் இருந்த என் ரிமோட் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இந்தத் தீர்ப்பைச் சொன்னாள். நுரை அட்டையில் செய்த விமானம் அது. இறக்கை ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பேட்டரியோடு சேர்த்து 700 கிராம் எடை.

அவள் சொன்னதில் பிழையில்லை. மேலிருந்து பார்த்தால் மோட்டாரின் மூக்கு வலப்பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் தரையைப் பார்த்தது.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆலன் கீயை எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, அடியில் இருந்த வாஷர்களை நீக்கி, ஸ்கேல் வைத்து நேராக்கி முடுக்கிவிட்டாள்.

"இப்போ பாருங்க, ஜம்முன்னு இருக்கு!"

நான் வாயைத் திறக்கவில்லை. சில பாடங்களை வானம்தான் நடத்த வேண்டும்.

மாலையில் கண்மாய்க்குப் போனோம். கோடையில் அது வெறும் கட்டாந்தரை. விசையைக் கூட்டி விமானத்தைக் கையால் வீசினேன். கிளம்பியதுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கமே பிடித்து வைத்து, ஒரு வட்டம் அடித்து, ஒருவழியாகத் தரையில் இறக்கினேன்.

"நேராத்தானே மாமா மாட்டினேன்? ஏன் இப்படிப் போகுது?"

"நேரா மாட்டினதாலதான்" என்றேன்.

முறுக்கும் காற்று

சுவரில் துளை போடும் டிரில்லிங் மெஷினைப் பிடித்திருப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? முனை ஒரு பக்கம் சுற்றும்போது மெஷின் அவர் மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. விமானத்திலும் அதே கதைதான். பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் கடிகார முள் போலச் சுற்றினால், விமானத்தின் உடல் எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கம் சாயப் பார்க்கும்.

இன்னொன்றும் உண்டு. ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று அம்பு போல நேராகப் போவதில்லை. உடலைச் சுற்றிச் சுருண்டு சுருண்டு போகிறது. வாலில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பை அது இடப்பக்கத்திலிருந்து அறைகிறது. வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது.

மூக்கு ஏன் மேலே தூக்கியது? விசையைக் கூட்டினால் வேகம் கூடும். வேகம் கூடினால் இறக்கை தரும் தூக்குவிசையும் கூடும்; மூக்கு மேலே எழும். இறக்கையை உடலுக்கு மேலே வைத்திருக்கும் பழகுவிமானங்களில் இந்தச் சேட்டை அதிகம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்துதான் அந்தக் கோணல். மோட்டாரை இரண்டு, மூன்று டிகிரி வலப்பக்கமும், அதே அளவு கீழ்ப்பக்கமும் திருப்பி வைத்தால், இடப்பக்கம் போகத் துடிக்கும் விமானத்தை மோட்டாரே வலப்பக்கமும், மேலே எழும் மூக்கைக் கீழ்ப்பக்கமும் இழுத்துச் சமன் செய்துவிடும்.

"மூணு டிகிரியை எப்படி மாமா அளக்கறது? பாகைமானி உள்ளே நுழையாதே!"

வாஷர் இருக்கிறதே! திருகாணிகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வாஷர் கொடுத்தால் மோட்டார் சுமார் ஒன்றரை டிகிரி சாயும். இரண்டு கொடுத்தால் மூன்று டிகிரிக்குக் கிட்டே வரும். விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கத் திருகாணிகளில் வாஷர் போட்டால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். மேல் திருகாணிகளில் போட்டால் மூக்கு கீழே பார்க்கும். யாழினி கழற்றிப் போட்ட வாஷர்கள் என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன.

நான்கு திருகாணிகளின் வேலை

எங்கள் மோட்டாரின் எடை 50 கிராம்தான். ஆனால் 800 கிராம் அளவுக்கு இழுக்கும். அந்த இழுவை விமானத்துக்கு எந்த வழியாகப் போகிறது? மோட்டாரிலிருந்து கூட்டல்குறி வடிவ உலோகத் தகட்டுக்கு, தகட்டிலிருந்து நான்கு திருகாணிகளுக்கு, அங்கிருந்து மூக்கில் ஒட்டியிருக்கும் ப்ளைவுட் பலகைக்கு, பலகையிலிருந்து நுரை உடலுக்கு. இந்த வழியில் ஒன்று தளர்ந்தாலும் மொத்தமும் ஆட்டம் காணும்.

அதனால்தான் மோட்டாரை நேரடியாக நுரையில் திருகக் கூடாது. நுரை மரையைப் பிடிக்காது. மரப்பலகையிலும் வெறுமனே திருகினால் நாளடைவில் துளை அகன்றுவிடும். பலகையின் பின்பக்கம் பல் பதித்து உட்காரும் நட்டு கிடைக்கிறது. அதைப் பதித்துவிட்டால் திருகாணிக்கு இரும்பு மரை கிடைத்துவிடும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில், மரையைப் பிடித்துக்கொள்ளும் நீலநிறப் பசை ஒரு சொட்டு விட வேண்டும். அதிர்வில் திருகாணி தானாகக் கழன்று வராது. தேவையானபோது ஆலன் கீ போட்டால் கழற்றவும் முடியும்.

இங்கே என் கதை ஒன்று. முதன்முதலில் மோட்டார் மாட்டியபோது, 'நீளமான திருகாணி நன்றாகப் பிடிக்கும்' என்று நினைத்தேன். தகட்டைத் தாண்டி உள்ளே போன முனை, செப்புக் கம்பிச் சுற்றில் போய் இடித்தது. கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உண்டு. அது உரிந்து கம்பியும் இரும்பும் தொட்டுக்கொண்டன. பேட்டரியை இணைத்துக் குச்சியை நகர்த்தினேன். காயில் கருகிய வாடை வீடு முழுக்கப் பரவியது. மோட்டார் கட்டும் கடைப் பக்கம் போயிருந்தால் அந்த வாடை உங்களுக்குத் தெரியும்!

மோட்டாருக்குள்ளே

கருகிய அந்த மோட்டாரை இன்னும் வைத்திருக்கிறேன். யாழினிக்குப் பிரித்துக் காட்டினேன். நடுவில் அசையாத இரும்புச் சக்கரம். அதில் 12 பற்கள், ஒவ்வொன்றிலும் செப்புக் கம்பிச் சுற்று. வெளியே கிண்ணம் கவிழ்த்தது போல ஒரு மூடி. அதன் உட்சுவரில் 14 காந்தங்கள். சுற்றுவது இந்த வெளி மூடிதான்.

மோட்டாரிலிருந்து மூன்று கம்பிகள் வெளியே வருகின்றன. வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று அவற்றின் வழியே சுற்றுகளுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி அனுப்பும். ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்கீரையைக் காட்டியபடி முன்னே நடப்பதைப் போல, அடுத்தடுத்த பல்லைக் காந்தமாக்கிக்கொண்டே போனால், வெளியே உள்ள காந்தங்கள் அதைத் துரத்திச் சுற்றும். மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் பொருத்தினால் போதும். இதே வகைச் சின்ன மோட்டார்கள் பழைய சிடி டிரைவ்களில் இருந்தன. 2000-களின் தொடக்கத்தில் மாதிரி விமானப் பிரியர்கள் அவற்றைப் பிரித்து, தடித்த கம்பியால் காயில் கட்டிப் பறக்கவிட்டார்கள்.

மின்மோட்டாரால் பறக்கவிடும் முயற்சி அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. எடை குறைந்த பேட்டரிதான் கிடைக்காமல் நெடுநாள் போக்குக் காட்டியது. ரிமோட் விமானத்தை மின்மோட்டாரால் பறக்கவிட்டதாக அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் நிகழ்வு 1957 ஜூன் 30-இல் இங்கிலாந்தில் நடந்தது. பறக்கவிட்டவர் கர்னல் டாப்ளின். விமானத்தின் பெயர் 'ரேடியோ குயீன்'. வெள்ளி-துத்தநாக பேட்டரி அதை இயக்கியது. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஒரு மின்விமானம் ஆளையே ஏற்றிக்கொண்டு பறந்தது. இன்று நம் கைக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி வந்துவிட்டது.

நாலைந்து அரிசி மணி

எங்கள் ப்ரொப்பெல்லரின் விட்டம் 10 அங்குலம். நிமிடத்துக்குச் சுமார் 8,000 சுற்று. கணக்குப் போட்டால் அதன் நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது!

அதன் ஒரு பக்க நுனி மட்டும் 0.1 கிராம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து அரிசி மணியின் எடைதான். இந்த வேகத்தில் சுற்றும்போது அந்தச் சிறு எடை, ஏறக்குறைய 900 கிராம் எடைக்குச் சமமான விசையோடு மோட்டாரின் நடுத்தண்டான ஷாஃப்டை வெளிப்பக்கம் இழுக்கும். ஒரே திசையிலும் இழுக்காது. நொடிக்கு 133 முறை திசையைச் சுற்றிச் சுற்றி மாற்றும். ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தேய்வதற்கும், திருகாணி கழல்வதற்கும், பலகையின் ஒட்டு விடுவதற்கும் பெரும்பாலும் இந்த ஆட்டமே காரணம்.

சரிசெய்வது எளிது. ப்ரொப்பெல்லரின் நடுத்துளையில் சரியாகப் பொருந்தும் வழவழப்பான கம்பியைச் செருகி, கம்பியின் இரு முனைகளையும் ஒரே உயரமுள்ள இரண்டு டம்ளர்களின் விளிம்பில் வையுங்கள். எந்த இறக்கை கீழே இறங்குகிறதோ அது கனம். மேலே போன இறக்கையின் பின்புறம் சின்னத் துண்டு செல்லோ டேப் ஒட்டுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நின்றால் சமநிலை வந்துவிட்டது. விரிசல் விட்ட ப்ரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. குப்பைக்கூடைதான் அதற்கு இடம்.

மோட்டாருக்கு வைத்தியம்

பேட்டரியிலிருந்து மோட்டார் 160 வாட் அளவு மின்சாரம் வாங்குகிறது. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 40 வாட், வெறும் சூடாகிறது. பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னே 25 வாட்தான்! ஆகவே மூக்கில் காற்று நுழைய வழி வேண்டும். அது வெளியேற இன்னும் பெரிய வழி வேண்டும். சூடு எல்லை மீறினால் காந்தங்கள் பலத்தை இழக்கும். சாதாரண நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. ஆறினாலும் போன பலம் முழுதாகத் திரும்பாது.

எனவே இறங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரை விரலால் தொட்டுப் பார்ப்போம். சில நொடிகள் விரலை வைத்திருக்க முடிந்தால் சரி. சுரீரென்று சுட்டால், ப்ரொப்பெல்லர் பெரியதா, காற்று வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, காதுக்கு வேலை. ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றினால் காந்தங்கள் விட்டு விட்டுப் பிடிப்பது தெரியும். அது இயல்பு. கரகரவென்று சத்தம் வந்தால்தான் கோளாறு. தூசியாக இருக்கலாம், பேரிங் வறண்டிருக்கலாம். பேரிங்குக்குத் தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு போதும். நிறைய விட்டால் எண்ணெயே தூசியைச் சேர்த்து வைக்கும். ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கொடுக்கிறதா? அப்படியானால் பேரிங் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எங்கள் கண்மாய் மண்ணால் வரும் தொல்லை வேறு. ஆற்று மணலில் காந்தத்தை உருட்டினால் கரும்பொடி மீசை போல ஒட்டுமே, விளையாடியிருக்கிறீர்களா? மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாதுதான் அது. விமானம் மூக்கு குத்தி விழுந்தால் அதே கரும்பொடி மோட்டாரின் காந்தங்களில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஊதினால் போகாது. விளையாட்டுக் களிமண்ணை ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும்.

இவ்வளவும் செய்யும்போது சில கட்டளைகளை மறக்கவே கூடாது. மோட்டாரில் கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும். வீட்டுக்குள் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரையே கழற்றி வைக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நுனிக்கு, விரல் யாருடையது என்று தெரியாது.

மறுநாள்

யாழினியே வாஷர்களைத் திரும்பப் போட்டாள். இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கினாள். மாலையில் விமானம் கண்மாய்க் கரையின் பனைமரங்களுக்கு மேலே நூல் பிடித்தது போல நேராக ஏறியது. ரிமோட்டின் குச்சியை நான் தொடவே இல்லை.

இரவு சாப்பாடு முடிந்து பாயில் படுத்திருந்தோம். தலைக்கு மேலே சீலிங் ஃபேன்.

"மாமா, இதுலயும் வெளிப்பக்கம்தானே சுத்துது? நடுக்கம்பி சும்மா நிக்குது."

"ஆமா. உள்ளே காயில் அசையாம இருக்கும். நம்ம விமான மோட்டாருக்கு இது பெரியண்ணன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"காத்தைக் கீழே தள்ளுதுன்னா... ஃபேன் மேலே போகப் பாக்குது. அப்போ ஓடும்போது கொக்கிக்குக் கனம் குறையும், இல்ல மாமா?"

எழுந்து உட்கார்ந்து கொக்கியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அதன் அடியில் படுத்திருக்கிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை.