பழக்கமும் சலிப்பும்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது உலக வழக்கு. புளித்தது பாலோ, பருகுவானது நாவோ என ஆராய்வார் சிலரே.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கன்னட நாட்டெல்லையை அடுத்த தளி என்னும் ஊர் கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 3000 அடி உயரத்துள்ளது. ஆங்கிலேயர் அதன் குளிர்ச்சியையும் பசுமையையும் வியந்து 'குட்டி இங்கிலாந்து' என்றனர். ஆண்டுக் கேழ்வரகு விளைத்து வாழ்வானுக்கோ, அக்குளிர் மார்கழியிற் கம்பளியை இழுத்துப் போர்த்தற்கு ஒரு காரணம், அவ்வளவே. அவனே சித்திரையிற் சமவெளிக்கு இறங்கி வெயிலில் வாடி மீளுங்கால், அக்குளிர் புதிதாய் இனிக்கின்றது. ஆகலின் சலிப்புப் பொருளின்கண் இல்லை, அறிவான்கண் உள்ளது என்பது பெறப்படும்.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. படிகம் தன்னை அடுத்த நிறத்தின் வேறாய்த் தோன்றாமைபோல, உயிரும் தான் அழுந்திய பொருளைப் பிரித்தறியாது நிற்கும். அறியப்படாதது இனிக்குமாறு யாங்ஙனம்? அந்நிலையில் அராக தத்துவம் வேறொன்றன்மேல் வேட்கையை எழுப்ப, உயிர் அதன்பின் செல்லும். இதனை உவர்ப்பென மயங்குதல் கூடாது. உவர்த்தவன் இரண்டையும் விடுவான். சலித்தவன் ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பற்றுவான்.

அற்றேல், நாடோறும் இயற்றும் பூசையும் ஐந்தெழுத்தை எண்ணுதலும் சலிப்புத் தாராவோ எனின், தரும் என்றே உடன்படல் வேண்டும். ஓசூர் மலைமேற் சந்திரசூடேசுவரரை வெளியூரார் படியேறி வந்து கண்ணீர் மல்க வணங்க, அடிவாரத்து வாழ்வான் அண்ணாந்து கைகுவித்தலையும் மறந்து செல்லக்கூடும். இஃது அவ்வூரார்க்கே உரிய குறையன்று. கோயிலருகிற் குடியிருப்பார் யாவர்க்கும் பொது.

ஆணவ மறைப்பே இதற்கு முதற்காரணம். அதற்குத் துணையாவது அண்மை. அத்துவிதமாய் என்றும் உடனிற்பானை, பிரிந்தறியாமையானே உயிர் உணராதாயிற்று. தளியுள்ளான் சமவெளி சென்று மீளலாம். இறைவனைவிட்டுச் செல்லுதற்கு உயிர்க்கோர் இடமின்று. ஆகலின் அவனது திரோதான சத்தி, அவனை மறைத்து உயிரை உலக நுகர்ச்சியிற் செலுத்துகின்றது. மலபரிபாகம் எய்துமளவும் நிகழும் அம்மறைப்பை அருளென்றே சித்தாந்திகள் கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பூசையிற் சலித்தவன் புதியதொரு தலந்தேடி ஓடுதல் அராகத்தின் வழிச் சேறலே. அவன் கைபழகிய மலரைக் கண்டானன்றி, அதனை ஏற்பானைக் கண்டிலன். நூற்பயிற்சியும் அவ்வாறே. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. அவற்றை ஒப்புவித்து முடித்தோமென ஏட்டைக் கட்டிவைப்பார் உளர். 18-ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் அப்பன்னிரண்டிற்கே சிற்றுரை ஒன்றும் மாபாடியம் ஒன்றுமாக இருமுறை உரை வரைந்தார்.