சீனியை விட்டோம், பேரீச்சம்பழத்தை எண்ணினோமா?

எங்கள் வாப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடங்களாகிவிட்டன. பிளேன்டிக்குச் சீனி போடுவதை அன்றே நிறுத்திவிட்டார். ஆனால் அதே பிளேன்டியோடு ஏழெட்டுப் பேரீச்சம்பழம் ஒவ்வொன்றாக உள்ளே போய்விடும். ரமழான் முடிந்து கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது சீனி நன்றாக ஏறியிருந்தது.

"நான் சீனி தொடவே இல்லையே மகள். ஈத்தம்பழம் சுன்னத்தான சாப்பாடு. அதால வருத்தம் கூடுமா?" என்று கேட்டார்.

இது வாப்பாவின் கேள்வி மட்டுமல்ல, நம்மில் பலருடைய கேள்வியும்தான். காய்ந்த பழம் நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பழத்தைக் காயவைக்கும்போது அதிலுள்ள தண்ணீர் போய்விடுகிறது. தண்ணீர் குறைந்தால் கிருமிகள் வளர முடியாது. அதனால்தான் அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. ஆனால் தண்ணீர்தான் போகிறதே தவிர, சீனி போவதில்லை. 100 கிராம் திராட்சையில் சுமார் 16 கிராம் சீனி உண்டு. அதே 100 கிராம் பிளம்ஸில் சுமார் 60 கிராம். ஒரு பிடி பிளம்ஸை வாயில் போடுவது இலேசு. அதற்குச் சமமான திராட்சைக் குலையைத் தின்று முடிக்க நேரமெடுக்கும், வயிறும் நிறைந்துவிடும்.

சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சீனி இருக்கிறது. பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றில் சுமார் 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. வாப்பா பிளேன்டியில் விட்ட சீனியை எல்லாம் பழத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்காகப் பேரீச்சம்பழமும் வெள்ளைச் சீனியும் ஒன்றென்று சொல்ல முடியாது. 100 கிராம் பழத்தில் 7 கிராம் அளவில் நார்ச்சத்து உண்டு. பொட்டாசியம், மக்னீசியம் போன்றவையும் உண்டு. நார் இருப்பதால் சீனி இரத்தத்தில் ஏறும் வேகம் குறைகிறது. வெறும் சீனியில் இவை எதுவும் கிடையாது.

மார்க்கத்தின் பக்கம் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் கனிந்த ஈரப் பழங்களால் நோன்பு திறப்பார்கள். அவை இல்லாவிட்டால் காய்ந்த பழங்களால். அதுவும் இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீரால் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உண்டு. அடுப்பு எரியாத நாட்களில் பேரீச்சம்பழமும் தண்ணீருமே தங்கள் வீட்டு உணவாக இருந்ததை ஆயிஷா (ரழி) அவர்களும் அறிவித்திருக்கிறார்கள்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். அந்த வீட்டில் பேரீச்சம்பழமே சாப்பாடு. நம் வீட்டிலோ அது சாப்பாட்டுக்கு மேல் வருகிறது. பழம் தின்று, சீனி கரைத்த சர்பத் குடித்து, சமோசா, ரோல்ஸ், கஞ்சி என்று போய், இரவுச் சோறும் சாப்பிடுகிறோம். சுன்னத்தில் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடிருந்த எளிமையை விட்டுவிட்டோம்.

ஆகவே என் கருத்து இதுதான்: காய்ந்த பழத்துக்கு நம் உணவில் இடமுண்டு. ஆனால் அது சீனியின் இடத்தில் வர வேண்டும், சீனிக்கு மேல் வரக்கூடாது. நோன்பு திறக்க இரண்டு மூன்று பழம் எடுத்தால் சர்பத்துக்குப் பதில் தண்ணீர் போதும். பிள்ளைகளின் பாடசாலைப் பெட்டியில் டொபி, பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு பழமும் கொஞ்சம் கச்சானும் வைக்கலாம். பல்லில் ஒட்டும் என்பதால் தின்ற பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். சீனிப்பாகில் ஊறவைத்துக் காயவைத்த பப்பாசி, அன்னாசி, செரி போன்றவற்றைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை இனிப்புப் பண்டங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் எத்தனை பழம் சாப்பிடலாம் என்பதைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கட்டாயம் கேட்க வேண்டும். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத்துக்கே ஆபத்து வரலாம்.

ரமழானில் பள்ளிவாசலில் பழம் பங்கிடும்போது ஜமாஅத்தாருக்கு இதை இரண்டு வார்த்தையில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வாப்பா இப்போது வைத்தியர் சொன்னபடி இரண்டு சிறிய பழங்களை எண்ணி எடுக்கிறார். சர்பத்தை விட்டுவிட்டார். அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. மருந்தையும் மாற்றியிருந்தார்கள், அதனால் பழத்தைக் குறைத்ததால் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். "சுன்னத்தை விடச் சொல்றியோ என்று பயந்துட்டேன் மகள்" என்றார். எண்ணித் தின்பதும் சுன்னத்துக்கு மாறானதல்லவே, வாப்பா என்றேன்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் உடல் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக.